தனிக் கவனம் தேவை

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் காலை எட்டு மணி டவுன் பஸ்ஸைப் பிடித்தால் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போய்விடுவேன். விட்டால் ஷேர் ஆட்டோதான். அன்று முழுவதும் பிள்ளைகள் என்னிடம் ஜாக்கிரதையாக இருப்பார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்த வேகத்தில் போயும் விடும், ஆனால் அதற்குள் நாலு பேரைத் திட்டியிருப்பேன்.

பள்ளிக்கூடம் இருப்பது வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஐந்து வகுப்புக்கு நாங்கள் இரண்டு டீச்சர்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளை மஞ்சள் வேன் வந்து செஞ்சிக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள், மாதா கோயில் தெருவில் அரைக் காணி வைத்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிறவர்களின் பிள்ளைகள், இவர்கள்தான் எங்களுக்கு மிச்சம். மிச்சம் என்று சொல்லக் கூடாது. அன்றைக்கு அப்படித்தான் நினைத்திருந்தேன், அதனால் மாற்றாமல் எழுதுகிறேன்.

பிள்ளைகளை வாசிக்கவைத்து, டேப்லெட்டில் டிக் அடித்து, மூன்றாகப் பிரிப்போம். தடுமாறுகிறவர்கள் அரும்பு, கொஞ்சம் தேறியவர்கள் மொட்டு, சரளமாக வாசிப்பவர்கள் மலர். அரும்புப் பிள்ளைகளுக்கு என் நாற்காலியை ஒட்டிப் பாய் விரித்திருக்கும். மலர்ப் பிள்ளைகள் பின்னால் ஜன்னலோரம். பயிற்சித்தாளைக் கொடுத்துவிட்டால் அவர்கள் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். வாசிக்கத் தெரிந்துவிட்டால் டீச்சர் கிடையாது. என் வகுப்பில் இப்படி ஒரு சட்டம் இருந்தது எனக்கே தெரியாது.

நாலாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவள் வீட்டில் ஐந்து பிள்ளைகள், இவள் நடுவில். என் இடது முழங்காலை ஒட்டித்தான் எப்போதும் உட்காருவாள். புடவைத் தலைப்பின் நுனி அவள் கையில் இருக்கும். மூன்று வருடமாக அரும்பு. எழுத்தின் மேல் விரலை வைப்பாள், நிறுத்துவாள், என் முகத்தைப் பார்ப்பாள். நான் வாசித்துக்கொண்டே அந்த விரலைப் பிடித்து வரி முழுக்க நடத்திக்கொண்டு போவேன். கூடவே வாசிப்பாள். விரலை விட்டால் வாயும் நின்றுவிடும்.

“மண்டையில என்ன களிமண்ணா?” என்று கேட்டிருக்கிறேன். சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து இன்னும் எரிச்சல் வரும். சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்தபின், ஏன் அப்படிக் கேட்டோம் என்று மனசு அடித்துக்கொள்ளும். மேலிடத்திலிருந்து வந்து பார்க்கிறவர்கள், “நாலாவதுல இன்னுமா அரும்பு?” என்று அவளை வைத்துத்தான் என்னைக் கேட்பார்கள்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து, அவளுடைய ரேங்க் கார்டில் சிவப்பு மையில் இரண்டு வரி எழுதினேன். பொங்கல் கழிந்த வாரம், அதில் கைநாட்டு வைக்க அவளுடைய அப்பா வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

“டீச்சரம்மா, கரும்பு வெட்டுக்குப் போறோம். இத்தயும் இட்டுக்கினு போறேன். கைக்கொழந்தையப் பாத்துக்கும்.”

“பரீட்சை இருக்கே, எப்போ வருவீங்க?”

“சித்திரை ஆயிடும். மத்ததுங்க அக்கா வூட்ல இருந்து படிக்குதுங்க, வுட்டுட்டுப் போறேன். இதுக்குப் படிப்பு ஏறல. நீங்களும் எவ்ளோதான் மல்லுக்கட்டுவீங்க?”

ஒருமுறை அப்படிப் போன பிள்ளைகள் திரும்பி வந்து பாயில் உட்கார்ந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. ஏறவில்லை என்று எழுதிக் கொடுத்தவளே நான்தான். அவர் ரேங்க் கார்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா எழுதிக்கீறீங்க?”

படித்துக் காட்டக் கண்ணாடியைத் தேடினேன். அதற்குள் அவள் பாயிலிருந்து எழுந்து வந்து, அப்பாவின் கையிலிருந்த கார்டை நேராகத் திருப்பினாள். விரல் வைக்கவில்லை. என் கிறுக்கல் கையெழுத்தை எங்கும் நிற்காமல் வாசித்தாள்.

“இம்மாணவிக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க இன்னும் வரவில்லை. தனிக் கவனம் தேவை.”

ஜன்னலோரத்தில் எழுதிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

“படிக்கத் தெரியுமாடி உனக்கு?” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

“தெரியும் டீச்சர்.”

“எப்போத்துலேந்து?”

“ரெண்டாவதுலேந்து.”

“அப்புறம் ஏன்டி?”

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “தெரியும்னா ஜன்னல்கிட்ட அனுப்பிடுவீங்க. அங்க நீங்க வரமாட்டீங்க.” பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள். “நைனா, எனக்குப் படிப்பு ஏறுது நைனா. நான் வரல.”

கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அழுகைதான் வந்தது. இரண்டு வருடம் என் பக்கத்தில் உட்கார்வதற்காக இந்தப் பிள்ளை திட்டு வாங்கியிருக்கிறது. அந்த இடத்தைக் கொடுத்தால்தான் ஊரில் இருக்கலாம் என்று தெரிந்ததும், ஒரு நிமிடத்தில் கொடுத்துவிட்டது.

அவளுடைய அப்பா கார்டையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். “சரியாத்தான் படிச்சுதா டீச்சரம்மா?” என்று என்னிடம் கேட்டார்.

“ஓர் எழுத்து பிசகல. தப்பா எழுதினது நான்தான்.”

“அப்போ அக்கா வூட்ல மத்ததுங்களோட இருக்கட்டும்,” என்றார். மையைத் தொட்டுக் கைநாட்டு வைத்தார். விரலைச் சுவரில் தேய்க்கப் போனவரை நிறுத்தி, சாக்பீஸ் துடைக்கும் துணியைக் கொடுத்தேன்.

அவர் போனபின் அவள் தன் பையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

“ஜன்னல்கிட்ட போவணுமா டீச்சர்?”

கார்டை வாங்கி, சிவப்புப் பேனாவால் முதல் வரியை அடித்தேன். இரண்டாவது வரியைத் தொடவில்லை. அவள் எட்டிப் பார்த்து, மிச்சமிருந்ததை ஒருதரம் வாசித்துவிட்டு, பாயில் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.