காதுக்காரர் விரலைத் தூக்கினால்

பழுதாகி வரும் எந்த மெஷினும் முதலில் குளிக்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். குளிப்பாட்டுவது அவள். பல் தேய்த்துத் தேய்ந்துபோன பிரஷ்ஷை அந்த வீட்டில் யாரும் குப்பையில் போட முடியாது. எல்லாம் அவளுடைய தகர டப்பாவுக்கு வந்துவிட வேண்டும். அன்று காலையும் குளியலறை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, டீச்சர் வீட்டு வாஷிங் மெஷினின் சோப்புத் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது முறையாக. போன வாரம்தான் இதே தட்டைப் பளிச்சென்று கழுவி அனுப்பியிருந்தாள். அவள் புருஷன் கை வைத்த மெஷின் ஒரே வாரத்தில் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. தட்டில் அழுக்கு என்று ஒன்றுமே இல்லை. இருந்தாலும் தேய்த்தாள். தேய்க்கிற வரைக்கும் யோசிக்க வேண்டாமே.

புருஷனை ஊரே காதுக்காரர் என்றுதான் சொல்லும். வீட்டின் முன் அறைதான் பட்டறை. மற்ற மெக்கானிக்குகள் மெஷினைத் திறந்து பார்ப்பார்கள். இவர் ஓடவிட்டுக் கேட்பார். வலது கை ஆள்காட்டி விரலை மேலே தூக்குவார். அவ்வளவுதான், அறையில் இருக்கிற எல்லாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். விரல் இறங்கும்போது நோய் என்னவென்று தெரிந்திருக்கும். கார்பன் தேய்ந்திருக்கிறது, புஷ் ஆடுகிறது, பெல்ட் வழுக்குகிறது. சொன்னால் சொன்னதுதான்.

அவளைப் பெண் பார்க்க அவர் வரவில்லை. அவள் பிறந்த வீட்டுக்கு மிக்ஸி பார்க்க வந்தார். அவளுடைய அப்பா வாயாடி. மனுஷன் தூக்கத்திலும் நியாயம் பேசுவார். மிக்ஸி எங்கே வாங்கியது, அந்தக் கடைக்காரன் எப்பேர்ப்பட்ட எத்தன் என்று அவர் ஆரம்பிக்கும்போதே இந்த ஒல்லிப்பையன் விரலைத் தூக்கினான். அப்பா பாதி வாக்கியத்தில் நின்றார். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். அந்த வீட்டில் சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தத்தை அவள் முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான். அவன் போனதும் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள்:

"உங்கப்பன் வாயை ஒரு விரலால மூடினான் பாத்தியா? இவன் கெட்டிக்காரன்டி."

கல்யாணம் அந்த விரலிலிருந்துதான் தொடங்கியது.

அதற்குப் பிறகு எத்தனை முறை அந்த விரல் உயர்ந்தது! பால் பொங்கும் நேரம் பார்த்து உயரும். சண்டை சூடுபிடிக்கிற நேரம் பார்த்து உயரும். இறங்குவதற்குள் எதற்குச் சண்டை போட்டோம் என்பது மறந்து போகும். மகன் 'அம்மா' என்பதற்கு முன்னால் 'உஷ்' என்றுதான் சொன்னான். அந்த அமைதிக்குள் குழாய் சொட்டுவது, பக்கத்து வீட்டில் யாரோ செருமுவது, தன் மூச்சு, எல்லாம் அவளுக்குக் கேட்கும். அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் வேறு எந்த நகை நட்டையும்விட அந்த அமைதிதான் இந்த வீட்டுக்கு அவர் கொண்டுவந்த சொத்து என்று தோன்றுகிறது.

ஒரே ஒரு சத்தத்தின் பேரை மட்டும் அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். பெண்களின் உள்ளாடையில் வளைந்த கம்பி இருக்குமே, அது துவைக்கும்போது பிய்த்துக்கொண்டு டிரம்மின் ஓட்டை வழியே வெளியே போய்ச் சிக்கிக்கொள்ளும். தட்டில் நகத்தால் கீறுகிற மாதிரி மெல்லியதாகக் கத்தும். மாடிப்படி ஏறும்போதே அவருக்கு அது கேட்டுவிடும். ஆனால் வீட்டுக்கார அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அதற்காகவே பெண்டாட்டியைக் கூட அழைத்துப் போவார். அவள் பக்கம் திரும்பி, சுண்டுவிரலால் காற்றில் ஒரு அரைவட்டம் போடுவார். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள். எடுத்த கம்பியைக் காகிதத்தில் சுருட்டி அவள் கையில் கொடுத்துவிட்டு, கூரையில் ஏதோ அதிசயம் தெரிவது போல மேலேயே பார்த்துக்கொண்டிருப்பார்.

விரல் எப்போது நின்றது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் பட்டறையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது; அடுப்படியில் மருமகள் ரேடியோவை அலறவிட்டிருந்தாள்; அவர் பாட்டுக்கு மெஷின் மூடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருமகளுக்கு ஒரே சந்தோஷம்.

"மாமா இப்பல்லாம் ரொம்ப சாதுவாயிட்டாரு அத்தை. முன்ன மாதிரி விரலைத் தூக்கி மிரட்டுறதே இல்ல."

"ஆமாம்மா, வயசாகுதுல்ல" என்றாள் அவள்.

முன்பெல்லாம் யாராவது கூப்பிட்டால், "போனை மெஷின் பக்கத்துல வைங்க" என்று சொல்லி உட்கார்ந்த இடத்திலிருந்தே நோயைச் சொல்வார். இப்போது, "கொண்டு வாங்க, பாத்துக்கலாம்" என்கிறார். சரி, நேரடியாகக் கேட்டுவிடலாம் என்றால், மனுஷன் காது நன்றாக இருந்த காலத்திலேயே பிடிக்காத கேள்வி எதுவும் அவர் காதில் விழுந்ததில்லை. அந்த வித்தையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் வந்தாள். கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"அண்ணே, பெல்ட் மாத்தின பிறகு ஆட்டம் சுத்தமா நின்னுடுச்சு. ஆனா கத்துது. என் பொண்ணு துணி போட்டாலே காதைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடிடறா."

"எங்க, ஓடவிடுவோம்."

மெஷின் ஓடியது. உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்த அவளுக்கே கேட்டது. கீச்... கீச்... நகத்தால் தட்டைக் கீறுகிற அதே சத்தம். எழுந்து நிலைப்படிக்கு வந்தாள். அவர் மூடியில் கையை வைத்துக்கொண்டு திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா டீச்சர், ஒரு நடுக்கம் கிடையாது. மேல குழந்தையைப் படுக்க வச்சாக்கூடத் தூங்கிடும்."

"நடுக்கம் இல்லண்ணே. நான் சொல்றது சத்தம்."

"எந்தச் சத்தம்?"

அவர் வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்து டீச்சர் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. டீச்சருடைய சிரிப்பும் மெல்ல வற்றிப்போனது. நிலைப்படிப் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உங்களுக்குக் கேக்குதுதானே?"

கேட்கிறது என்றால் நாளைக்கே தெருவெல்லாம் பேச்சாகிவிடும். காதுக்காரருக்குக் காது போச்சாமே என்று ஒரு வாய் சொன்னால் போதும், பட்டறைக்கு ஈ காக்கை வராது. அந்தப் பெயரைத் தவிர அவர் வேறெதையும் ஆசைப்பட்டுச் சேர்க்கவில்லை. கேட்கவில்லை என்றாலோ, கத்துகிற மெஷினைத் தள்ளிவிட்ட பாவம்.

அவள் அறை நடுவே வந்து தன் வலது கை ஆள்காட்டி விரலை மேலே தூக்கினாள்.

டீச்சர் வாயை மூடினாள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மருமகள் ரேடியோவைப் பட்டென்று அணைத்தாள். மெஷின் மட்டும் கத்தியது. அவர் அந்த விரலையே பார்த்தார். தன்னுடைய சட்டையை வேறு யாரோ போட்டுக்கொண்டு தெருவில் போவதைப் பார்க்கிறவர் மாதிரி.

அவள் விரலை இறக்கினாள். டீச்சருக்கு முதுகைக் காட்டி அவர் பக்கம் திரும்பி, சுண்டுவிரலால் காற்றில் ஒரு அரைவட்டம் போட்டாள்.

அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. ஆனால் மூடியிலிருந்த கை மெதுவாகக் கீழே வந்தது.

"டீச்சர், ஹீட்டரைக் கழட்டிப் பாக்கணும். அதுவரைக்கும் உள்ள உக்காருங்க" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

டிரம்முக்கு அடியில் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டரைக் கழற்றிய துவாரம் வழியாக வளைந்த கொக்கியை விட்டு, துழாவித் துழாவிக் கம்பியை இழுத்து எடுத்தார். காகிதத்தில் சுருட்டி அவளிடம் கொடுத்துவிட்டுக் கூரையைப் பார்த்தார். அவள் உள்ளே போய் டீச்சரின் கையில் திணித்தாள். பிரித்துப் பார்த்த டீச்சரின் முகம் சிவந்துவிட்டது.

"ஐயோ, என்னுதுதான்! இந்தக் கம்பிக்காகவா அத்தனை பாடு? அண்ணன் காதுக்கு ஈடே கிடையாதுக்கா. தெரிஞ்சுக்கிட்டே 'எந்தச் சத்தம்'னு என்னை ஆழம் பாத்திருக்காரு!"

"அவரு அப்படித்தான்" என்றாள் அவள்.

மெஷின் வண்டி ஏறிப் போனது. பட்டறையில் அவர் திருகாணிகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். அவள் துணி அடுக்குகிற சாக்கில் பின்னால் வந்து நின்றாள். அடுப்படியில் மருமகள் இருந்தாள். ரேடியோ இன்னும் அணைந்தபடியே இருந்தது. குரலை உயர்த்த முடியாது.

"என்னங்க" என்றாள். "ஒரு நடை காது டாக்டரைப் பாத்துட்டு வருவோமா? நானும் கூட வரேன். யாருக்கும் சொல்ல வேண்டாம்."

அவர் கடைசித் திருகாணியைப் போட்டார். டப்பாவை மூடினார். துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். வலது கை ஆள்காட்டி விரலை மட்டும் கொஞ்சம் அதிக நேரம். அவள் காத்திருந்தாள். முதுகைப் பார்த்துக் கேட்டுவிட்டோமோ, முன்னால் போய் நின்று கேட்டிருக்க வேண்டுமோ என்று அவள் மனதில் ஓடியது.

மேசை விளக்கை அணைத்துவிட்டு, அவளைத் தாண்டி அவர் வெளியே போனார்.