ஒரு மொட்டுக்காக ரிவர்ஸ்டனுக்கு

காலை 6.40. மாத்தளையில் பஸ் ஏறி றத்தோட்டையில் இறங்கினேன். அங்கிருந்து ரிவர்ஸ்டன் மலைக்கு ஏறக்குறைய பதினெட்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு மூவாயிரம் ரூபாய். இது என் மூன்றாவது பயணம்.

மட்டக்களப்பில், காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பெயரிட்டுப் பாதுகாக்கும் அறையொன்றில் வேலை செய்கிறேன். அங்கே ஒரு தாள் பெயரில்லாமலே கிடந்தது. ரிவர்ஸ்டன் ஓடைக்கரையில் நான் எடுத்த காட்டுக் காசித்தும்பை அது. இலையும் தண்டும் இருந்தன; பூ இல்லை. பூவின் கீழிதழையும் பின்னால் நீளும் வாலையும் பார்க்காமல் இன்ன இனம் என்று சொல்ல முடியாது. முதல் தடவை போனபோது பூக்காலம் முடிந்திருந்தது. அடுத்த தடவை தொடங்கவே இல்லை. இப்போது அந்தக் கரையில் சுற்றுலாப் பயணிகளுக்குப் படி கட்டப்போவதாகச் செய்தி. பெயர் தெரியாத செடிக்காக யாரிடம் போய்ப் பேசுவது?

காலை 9.15. ஓடைக்கு இறங்கும் ரோட்டு வளைவில் யோகேஸ்வரி காத்திருந்தார். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். முதல் பயணத்தில் ஓடைக்கு வழி காட்டியவரும் அவர்தான்.

"நேத்து மழையில மொட்டெல்லாம் கொட்டிருச்சி மிஸ். ஒன்னே ஒன்னுதான் மிச்சம்."

காலில் ஏறும் அட்டைகளைத் தட்டிவிட்டபடி நாற்பது நிமிடம் இறங்கினோம். ஈரப்பாறை இடுக்கில் பட்டாணி அளவில் ஒரு மொட்டு, இறுக மூடியபடி. பிளேடை எடுத்தேன்.

"அறுத்துப் பாத்தா தெரிஞ்சிருமா?"

"ஓரளவுக்குத் தெரியும்."

"அப்ப வெதைக்கி என்னாங்க மிஸ் செய்யிறது?"

பிளேடை மடித்துப் பைக்குள் வைத்தேன். பகல் இரண்டு மணி வரை அந்த மொட்டின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தோம். மூடுபனி வந்தது, போனது, மொட்டு அசையவில்லை. மறுநாள் எனக்கு வேலை. முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று எப்படிப் படம் எடுப்பதென யோகேஸ்வரிக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு மேலேறினேன். ஏறும்போது எத்தனை முறை திரும்பிப் பார்த்தேனோ!

மூன்றாம் நாள், மட்டக்களப்பின் வெயிலில் சோற்றுப் பொதியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போனில் மூன்று படங்கள் வந்தன. கை கழுவாமலே ஓடிப்போய்ப் பழைய பூ ஓவியங்களை எடுத்தேன். கீழிதழின் பிளவு பொருந்தியது, வாலின் வளைவும் பொருந்தியது. அந்த மலைத்தொடரைத் தவிர வேறெங்கும் வளராத அரிய இனம். படி கட்டவிருந்த அதிகாரிகளுக்கு அன்றே எங்கள் அறையிலிருந்து கடிதம் எழுதினோம். இரண்டு மாதத்தில் படிகளை எதிர்க்கரைக்கு மாற்றினார்கள்.

ஆனால் படங்களில் பனி படிந்து நிறம் வெளுத்திருந்தது. அவை வந்த அன்றே யோகேஸ்வரியை அழைத்து நிறத்தைக் கேட்டேன். சிக்னலுக்காக ரோட்டுக்கு ஏறி வந்திருந்தார், மூச்சு வாங்கியது.

"வெள்ளைன்னும் சொல்ல ஏலாது மிஸ், ரோஸுன்னும் சொல்ல ஏலாது. உள்ளுக்க மஞ்சள் மாதிரி ஒன்னு ஓடுது. எனக்குச் சொல்லத் தெரியல்லைங்க. நீங்க இன்னும் மூனு நாள் இருந்திருக்கலாம்."

தாளில் பெயரை எழுதிவிட்டேன். பூவின் நிறம் என்ற இடத்தில் பேனாவை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.