கல் வாசலில் நின்ற மத்தியானம்

என் கையில் ஒரு சிறிய சாவி இருந்தது. ஒசாகாவின் அருங்காட்சியகம் ஒன்றில் பைகளை வைத்துப் பூட்டும் பெட்டியின் சாவி. பையும் அதற்குள் இருந்த தொலைபேசியும் அங்கே கிடக்க, நான் சாவியை மட்டும் இறுகப் பிடித்தபடி கோட்டையின் கல் வாசலில் நின்றேன். மகளைக் காணவில்லை.

அவள் ஜெர்மனியின் கொலோன் நகரில் பிறந்து வளர்ந்தவள். படிப்பின் பகுதியாக ஒசாகாவுக்குப் பயிற்சிக்குப் போனாள். அங்கேயே வேலையும் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாமென்று சொல்லிக் கூட்டிவரத்தான் நான் போயிருந்தேன். அது அவளுக்கும் தெரியும். அதனாலோ என்னவோ, காலையில் கோட்டை, பிறகு அருங்காட்சியகம் என்று என்னைப் பேசவிடாமலே ஊர் சுற்றிக் காட்டினாள்.

கோட்டை வாசலில் வழக்கம்போலச் சொன்னேன். "ஆளையாள் தவறவிட்டால் இந்த வாசலடிக்கு வரோணும்."

"அப்பா, எனக்கு இருபத்துநாலு வயசு."

"ஓம். அதுக்கென்ன?"

"இது கொலோன் கார்னிவல் சனக்கூட்டமும் இல்லை. கையில போன் இருக்கு."

எங்கே போனாலும் முதலில் கூடுமிடம் சொல்லிவைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஊரே வெளியேறிய அன்று நாங்கள் அப்படி எதையும் சொல்லிவைக்கவில்லை. கூட்டத்தில் தவறிய என் தம்பிக்கு எங்கே போய் நிற்பதென்று தெரிந்திராது. அவன் இன்றுவரை வரவில்லை.

அருங்காட்சியகத்தில் பழைய கடைத்தெரு ஒன்றைச் சின்னச் சின்னப் பொம்மைகளால் அமைத்திருந்தார்கள். மீன்காரனின் தராசுத் தட்டில்கூட ஒரு மீன் இருந்தது. குனிந்து அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது சுற்றிலும் மஞ்சள் தொப்பி போட்ட பள்ளிப் பிள்ளைகள். மகள் இல்லை. அடுத்த மண்டபத்தில் பார்த்தேன், படிக்கட்டில் பார்த்தேன். அதன் பிறகு நான் யோசிக்கவில்லை. பெட்டியைத் திறந்து தொலைபேசியை எடுக்கவும் தோன்றவில்லை. கால்கள் வெளியே வந்து கோட்டையை நோக்கி நடந்தன.

வாசலில் ஒரு தம்பதி தங்களைப் படம் எடுக்கச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தேன். திரையில் அவர்களுக்குப் பின்னால் வருகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பின் நெடுநேரம் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அவள் ஓடி வந்தாள். வியர்வையில் முடி முகத்தில் ஒட்டியிருந்தது.

"மியூசியத்தில உங்கட பேரை மைக்கில கூப்பிட அங்க வேலை செய்யிற பிள்ளை பட்ட பாடு. வாயில நுழையேல்லை. செக்யூரிட்டிக்கு நான் உங்கட மீசையைக் கையால காத்தில கீறிக் காட்டினனான்."

"நீ எங்க போனனீ?"

"பாத்ரூமுக்கு. சொல்லிப்போட்டுத்தான் போனனான். நீங்கள் மீன் பாத்துக்கொண்டு தலையாட்டினீங்கள்."

அவள் சிரித்தாள். பிறகு சாவியை இறுகப் பிடித்திருந்த என் கையைக் கண்டாள். என்னைக் கல்லில் இருத்தி, விரல்களைப் பிரித்துச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"சித்தப்பாவை நினைச்சனீங்களோ?"

"ஓம்."

சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு சொன்னாள். "நீங்கள் இங்கதான் வருவீங்கள் எண்டு எனக்குத் தெரியும். ஆனா இனி ஓடாதேங்கோ அப்பா. நிண்ட இடத்திலயே நில்லுங்கோ. தேடி வாறது என்ர வேலை."

சொல்லப் போனதைச் சொல்லாமலே நான் கொலோனுக்குத் திரும்பிவிட்டேன். அவள் அந்த வேலையில் சேர்ந்தாள். "ஏன் அண்ணை, பொம்பிளைப் பிள்ளையை அவ்வளவு தூரத்தில விட்டனீங்கள்?" என்று இங்கே தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். "மறிக்க ஏலாது, அவள் பெரிய பிள்ளை" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறேன்.

ஜப்பானில் நிலம் அதிர்ந்ததாகச் செய்தி வந்தால் உடனே கணினியில் விமானச்சீட்டுத் தேடத் தொடங்குகிறேன். பிறகு அதை மூடிவிட்டு, தொலைபேசியை மேசையில் வைத்துக்கொண்டு அதே கதிரையில் இருக்கிறேன். இதுவரை அவள் அழைக்காமல் விட்டதில்லை.