மாற்றாமல் விட்ட ஒரு டைல்ஸ்

மனைவி மறைந்தபின் மத்திகிரியில், மாடி வீட்டில் தனியே வாழ்கிறேன். சென்ற ஆண்டு தரையைப் புதுப்பித்தபோது, பளபளப்பில் மயங்கி வழுவழுப்பான டைல்ஸைத் தேர்ந்தேன். கூடத்தில் ஒன்று மட்டும் சரியாகப் பதியாமல், மிதித்தால் ‘டொக்’கென ஒலித்தது. மேஸ்திரியோ, “நடக்க நடக்க செட் ஆயிடும் சார்” என்று சொல்லிப் போய்விட்டார்.

ஒருநாள் காலை, வாசலில் செம்பில் பால் வாங்கித் திரும்புகையில், கூடத்தில் சிந்திய துளிகளில் வழுக்கி விழுந்தேன். இடுப்பை அசைக்க இயலவில்லை. கூவியும் எவரும் வரவில்லை. கைக்கெட்டிய அந்த டைல்ஸைச் செம்பினால் விடாது தட்டினேன்.

கீழ்வீட்டு முருகேசன், இரவுப் பணி முடிந்து உறங்கிக்கொண்டிருந்தவர், கண்ணைக் கசக்கியபடி வந்தார்.

“தூங்க விடாம யாரு ஆணி அடிக்கறதுன்னு சண்டை போடத்தான் வந்தேன் சார்! ஐயோ, எப்ப விழுந்தீங்க?”

நலமடைந்தபின் சொரசொரப்பான டைல்ஸ் பதித்தேன். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தே ஏற்றேன். அந்த ஒன்றை மட்டும் அகற்ற விடவில்லை. நாள்தோறும் காலையில் அதை இருமுறை தட்டுவேன். கீழிருந்து முருகேசன் கழியால் கூரையைத் தட்டிப் பதில் தருவார். அவருக்குப் பகல் பணி வரும் வாரங்களில் பதில் வருவதில்லை; ஆயினும் தட்டுகிறேன்.