வெர்னாவின் கையும் ஆர்விலின் குண்டும்

ஆர்வில் டோலெஃப்சன் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிச் சொல்லப்போவதில் அவன்மேல் எனக்குள்ள கோபம்தான் அதிகம் தெரியும். சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டினான். எவன் கார் பள்ளத்தில் விழுந்தாலும் கூப்பிடாமலே வந்து நிற்பான். அவனுக்கு இருந்த ஒரே கிறுக்கு, ரிவால்வருக்குக் குண்டு வார்ப்பது. டயர் கடையில் சக்கரத்திலிருந்து கழற்றிப் போடும் ஈய எடைக்கட்டிகளை வாளியில் அள்ளிவந்து, கார் கொட்டகையில் உருக்கி அச்சில் ஊற்றுவான். தோட்டாவையும் அவனே நிரப்புவான். கடைத் தோட்டா வாங்குகிறவனை எங்கள் மொன்டானாவில் கையாலாகாதவன் என்றுதான் நினைப்போம்.

அவன் மனைவி வெர்னா, கால்நடை மருத்துவர் லோவெலிடம் உதவியாளர். முள்கம்பியில் கிழிந்த குதிரைத் தோலைத் தைப்பாள். ஆட்டுக்குட்டியின் கழுத்து நரம்பில் முதல் குத்திலேயே ஊசி ஏற்றுவாள். நுணுக்கமான வேலை வந்தால் டாக்டரே நகர்ந்துகொண்டு அவளை விடுவார். அவளுக்கு அவள் அப்பாவின் பழைய ரிவால்வர் வந்து சேர்ந்தது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சுடுகளத்துக்கு அவளும் வரத் தொடங்கினாள்.

குண்டின் பருமனில் ஆர்வில் படு கறார். மெத்தென்ற ஈயத்துண்டு ஒன்றைத் துப்பாக்கிக் குழலுக்குள் சுத்தியலால் தட்டி இறக்கி, வெளியே வந்ததை அளப்பான். குண்டு அதைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்கவேண்டும்; அவ்வளவுதான் அவன் சாத்திரம். இருவர் துப்பாக்கிக்கும் குழல் ஒரே அளவு. அதனால் இருவருக்கும் ஒரே குண்டு. அவன் சுட்டால் குறிப்பலகையின் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது. அவள் சுட்டால் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று.

"குழல் பூரா ஈயம் அப்பிக்கிடக்கு ஆர்வில். குண்டு சின்னதா இருக்குமோ?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! அதே குண்டு எனக்கு மட்டும் எப்படி நேராப் போகுது? விசையை இழுக்கறப்ப நீ கையை உதறுறே. ஏய் வால்ட், நீயே சொல்லு, உதறுறாளா இல்லையா?"

"எனக்கு அப்படித் தெரியலப்பா" என்றேன் நான்.

"உனக்குக் கண்ணாடி மாத்தணும்."

எல்லாரும் சிரித்தார்கள். வெர்னாவும் சிரித்தாள். அவள் துப்பாக்கியை வாங்கி அவன் நாலு தோட்டா சுட்டுப் பார்த்திருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். ஆனால் அடுத்தவர் ரிவால்வரைக் கேட்பது எங்களுக்குள் மரியாதைக் குறைவு, பெண்டாட்டியுடையதாக இருந்தாலும். நல்ல மரியாதை! அதைக் கொண்டுபோய் அடுப்பில் போட.

ஞாயிறு தவறாமல் "உதறுறே, உதறுறே" என்றான். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா? ஒருநாள் அவள் லோவெலிடம் போய், இனித் தையலும் ஊசியும் வேண்டாம், தொலைபேசி எடுத்துப் பதில் சொல்கிறேன் என்று அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"ஏன் வெர்னா?" என்று கேட்டேன்.

"பலகையில கை உதறுனா குறிதான் தப்பும். குட்டி கழுத்துல உதறுனா?"

"அதுவும் சரிதான்" என்றான் பக்கத்தில் நின்ற ஆர்வில். அவள் துப்பாக்கி அலமாரிக்குப் போனது.

வருடங்கள் ஓடின. வெர்னா ஓய்வும் பெற்றுவிட்டாள். போன இலையுதிர் காலத்தில், துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று ஆர்வில் அந்தத் துப்பாக்கியைக் கழற்றி எண்ணெய் போட்டான். தோட்டாக்கள் சுழலும் உருளையைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ யோசனையில் ஒரு குண்டை அதன் ஆறு துளைகளில் ஒன்றின் முன்வாயில் வைத்தான். விரலால் அமுக்கினால்தான் இறங்கவேண்டும். அது தொடாமலே வழுக்கி விழுந்து மேசையில் உருண்டது. ஆறு வாயும் அப்படியே. அவனுடைய துப்பாக்கியில் குண்டு வாயிலேயே நின்றது.

உருளையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

"குழலை அளந்தேன் வால்ட். அதுக்கு முன்னாடி இருக்கற வாயை அளக்கலையே. குண்டு தொளதொளன்னு கிளம்பியிருக்கு. சூட்டுப் புகை பக்கத்துல புகுந்து ஈயத்தை உருக்கியிருக்கு. அதான் குறி தப்பியிருக்கு, அவ கையால இல்ல."

வாய்க்குப் பொருந்தும் பருமனில் புதிய குண்டு தயார் செய்து, இருவரும் சுடுகளத்துக்குப் போனோம். அவள் துப்பாக்கியை அவனே சுட்டான். அத்தனையும் ஒரு காப்பிக் கோப்பை வாய்க்குள் அடங்கின. அவன் சந்தோஷப்படவில்லை. கீழே உட்கார்ந்துவிட்டான்.

"சொல்லாம இருந்துடலாமா?" என்றான்.

"சொல்லாம இருந்தா உன்கூட நான் பேசமாட்டேன்."

நானும் அவனோடு அவன் வீட்டுக்குப் போனேன். வெர்னா சமையலறையில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஓட்டை விழுந்த குறித் தாளை அவன் மேசையில் விரித்து, எல்லாவற்றையும் சொன்னான். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்போ என் கை நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு வெர்னா. என்னை மன்னிச்சுடு. திரும்பச் சுடலாம், வா. குண்டு நான் வார்த்துத் தரேன்."

அவள் வலது கையை எங்கள் இருவருக்கும் முன்னால் நீட்டினாள். வயதான கை. விரல்கள் நிற்காமல் ஆடின.

"இப்போ நிஜமாவே நடுங்குது ஆர்வில்" என்றாள்.