படையலுக்கு முன் ஒரு கரண்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஓர் ஆடித்தபசு அன்று, சங்கரன்கோவிலில் எங்கள் அன்னதானத்துக்குப் பரிமாற அவர் வந்திருந்தார். ஓய்வுபெற்ற ஜெயில் சூப்பிரண்டு. முறுக்கு மீசை, கைகள் எப்போதும் முதுகுக்குப் பின்னால்.

சாம்பார் இறங்கியதும் ஒரு கரண்டி அள்ளி, உள்ளங்கையில் விட்டுக் குடித்துவிட்டார்.

சமையல் பொறுப்பிலிருந்த தவசிப்பிள்ளை பதறினார். "சாமிக்குப் படைக்கதுக்கு முன்னால ருசி பாத்துட்டீயளே, அய்யா!"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "முப்பது வருசமா நான் ருசி பாக்காம கைதிக்குச் சோறு போட்டதில்ல வே. கை பழக்கத்துல போயிட்டு."

வேறு சாம்பார் வைத்துப் படைத்தார்கள். பந்தியில் நான் முதல் கவளத்தை விழுங்கும்வரை சூப்பிரண்டு எதிரிலேயே நின்றார்.

"உப்பு இருக்கா?"

"சரியா இருக்கு."

அதன்பிறகே நகர்ந்தார்.

அவரிடம் அடைபட்டவர்கள் அவரை என்ன நினைத்தார்களோ, எனக்குத் தெரியாது. உப்பில்லாத சோறு தின்றிருக்க மாட்டார்கள்.