என் கொழுந்தன் முன்பக்க ஆக்சில் வாங்கிய கதை

“எண்ணெய்க்குச் சட்டி பிடிக்கிற ஆளுக்கு ஆக்சிலைப் பத்தி என்ன தெரியும்? டேப்போட நுனியைப் பிடிச்சிக்கிட்டு சும்மா நில்லுங்க, அண்ணி!”

பழைய வண்டி உடைக்கும் கடையில், நாலு பேர் பார்க்க, என் கொழுந்தன் இப்படி என் மேல் எரிந்து விழுந்தான். நானும் விடவில்லை.

“அந்தச் சட்டி பிடிக்கிறவளைத்தான் நீ கூட்டிட்டு வந்திருக்கே. ஆள் கூப்பிட்டா கூலி கேப்பான், அண்ணின்னா ஒரு டீயோட முடிஞ்சிடும்னுதானே?”

கடைக்காரன் சிரித்தான். கொழுந்தன் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவன் இல்லை. அது ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவனுக்கு வயது ஐம்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. எல்லாரும் அவனை டேப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் அளவு டேப் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டான். ஒரு தடவை பெண் பார்க்கப் போனோம். உள்ளே பெண் வந்து நிற்கிறாள், இவன் எழுந்து போய் அவர்கள் வீட்டுக் கதவை அளக்கிறான். மறுநாளே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெண்ணின் முகம் அவனுக்கு நினைவில்லை. கதவு ஆறடி நாலங்குலம் என்று இன்றைக்கும் சொல்வான்.

என் வீட்டுக்காரர் போன பிறகு அவனும் நானும்தான் ஒரே வீட்டில். அவனிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி. மலை மேல் இருக்கும் டவருக்கு ஆட்களையும் பேட்டரிகளையும் ஏற்றிப் போவதுதான் அவன் பிழைப்பு. பாதை முழுக்கக் கல். அதில் பல்வரிசை என்று ஓர் இடம், கிழவன் வாய் மாதிரி நெட்டையும் குட்டையுமாகப் பாறைகள். அவன் வண்டியில் முன்சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஆடும். தார் ரோட்டுக்கு அது சுகம். பல்வரிசையில் ஒரே வருஷத்தில் இரண்டு தடவை முன்பக்கத் தண்டு முறிந்து, பேட்டரியோடு நடு மலையில் நின்றுவிட்டான்.

டவர் சூப்பர்வைசர் நல்ல மனுஷன்தான், ஆனால் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார்: “ஒண்ணாம் தேதி ஏறிக் காட்டுங்க. இல்லேன்னா வேற வண்டியைப் போட்டுக்கிறேன். கோவிச்சிக்காதீங்க.”

அந்த வேலை போனால் அந்த வண்டிக்கு வேறு வேலை இல்லை. அவனுக்கும் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்தவன் சோற்றில் கை வைக்காமலே ஆரம்பித்துவிட்டான். “அண்ணி, முன்னாடி இருக்கிறதை மொத்தமா வெட்டி எறியப் போறேன். இந்தச் சக்கரத்துல இருந்து அந்தச் சக்கரம் வரைக்கும் ஒரே இரும்பா, உலக்கை மாதிரி ஒரு ஆக்சில். அதுக்கு மேல வில்பட்டை. பாறையாவது ஒண்ணாவது!” கண் இரண்டும் பளபளத்தது. பெண் பார்க்கப் போனபோது அந்தப் பளபளப்பைக் காணோம்.

ஆனால் கிடைத்த ஆக்சிலை எல்லாம் மாட்ட முடியாதாம். மூன்று பொருத்தம் பார்க்க வேண்டுமாம். ஒன்று, அகலம். இரண்டு, பக்கம். ஆக்சிலின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளி, பல்சக்கரம் இருக்கும் இரும்பு உருண்டை ஒன்று புடைத்திருக்கும். இவன் வண்டியில் கியர்பாக்ஸிலிருந்து முன்னால் போகும் தண்டு இடப்பக்கம் வருகிறது, அதனால் உருண்டையும் இடப்பக்கம்தான் இருக்க வேண்டும். மூன்றாவது, சுற்று. பின்சக்கரம் ஒரு சுற்றுக்குத் தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறதோ, முன்னாலும் அத்தனையே. இல்லாவிட்டால் முன்சக்கரமும் பின்சக்கரமும் மாமியார் மருமகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்.

“ஜாதகமே தேவலாம்டா,” என்றேன்.

முதல் கடையில் ஒரு பெரிய வேனின் ஆக்சில் இருந்தது. அளந்தான். மாட்டினால் சக்கரம் இரண்டும் பக்கத்துக்கு ஒரு சாண் வெளியே துருத்தும். பல்வரிசைக்கு முன்னால் உள்ள இடுக்கில் நுழையாது. இரண்டாவது கடையில் இருந்ததைத் தொட்டதுமே கை முழுக்கத் துரு. மூன்றாவது கடையில்தான் நான் சொன்ன சண்டை. ஒண்ணாம் தேதிக்கு இன்னும் பதினோரு நாள். வெல்டருக்கே எட்டு நாள் வேண்டும்.

அங்கே பழைய ஜீப் ஆக்சில்கள் இரண்டு, மரக்கட்டைகளின் மேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. தண்டு மாட்டும் முகம் இரண்டிலும் எங்களைப் பார்த்தபடி. ஒன்றில் உருண்டை இடப்பக்கம், மற்றதில் வலப்பக்கம். வலப்பக்கத்ததை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடப்பக்கத்ததை அளந்தான், சரி. சுற்றை எண்ணிப் பார்த்தான், சரி. பணத்தை எடுக்கக் கை உள்ளே போயிற்று.

எனக்கு டேப்பில் எண் படிக்கத் தெரியாது. ஆனால் அவன் வண்டிக்கு எண்ணெய் மாற்றும் போதெல்லாம் கீழே படுத்துச் சட்டி பிடிப்பவள் நான். உருண்டையின் அடியில் ஓர் ஆணி இருக்கும். அதைத் திருகினால் கறுப்பு எண்ணெய் என் முழங்கை வரை வழியும். இங்கே அந்த ஆணி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“எண்ணெய் வடிக்கிற ஓட்டை எந்த ஊர்லடா உச்சந்தலையில இருக்கும்?” என்று கேட்டேன். அதற்குத்தான் அந்தப் பாய்ச்சல்.

“கத்தாதே. குனிஞ்சு பார்,” என்றேன்.

குனிந்தான். விரலால் ஆணியைத் தொட்டான். கட்டைமேல் உட்கார்ந்திருந்த தட்டையான இடத்தைத் தடவினான். அதன்மேல்தான் வில்பட்டை உட்கார வேண்டும், அது தரையைப் பார்த்துக் கிடந்தது. கடைக்காரன் சாவகாசமாகச் சொன்னான்: “ஆமா, ரெண்டையும் கவுத்துதான் வெச்சிருக்கோம். இல்லேன்னா உருண்டு கால்ல விழும்.”

டேப்புக்கு முகம் வெளுத்தது. கவிழ்ந்து கிடப்பதை, தண்டு மாட்டும் முகம் எங்கள் பக்கமே இருக்க நிமிர்த்தினால், இடது வலதாகிவிடும். எட்டு நாள் வெல்டிங் முடிந்த பிறகு இது தெரிந்திருந்தால் அவ்வளவுதான். அடுத்த நொடி அவன் தலை மற்ற ஆக்சில் பக்கம் திரும்பியது.

“அண்ணி! அப்ப அதுதான் இடப்பக்கம்!”

“அதைத்தானே நானும்...”

“பேசாதீங்க, பிடிங்க பிடிங்க!”

மூன்று பேர் சேர்ந்து அதைப் புரட்டி நிமிர்த்தினார்கள். உருண்டை இடப்பக்கம் வந்து நின்றது. டேப்பை இழுத்தான், நுனியை நான் பிடித்தேன். அகலம் ஒரு விரல்கூட மாறவில்லை. இனி சுற்று. தண்டு மாட்டும் தட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, “நீங்க எண்ணுங்க” என்றான். கடைக்காரன் ஒரு பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள, இவன் மறுபக்கத்தைச் சுற்றினான். ஒரு பக்கம் மட்டும் சுற்றினால் பாதிதான் காட்டுமாம், அதனால் இரண்டு முழுச் சுற்று.

“ஒண்ணு... ரெண்டு... மூணு...” என் குரல் எனக்கே கேட்கவில்லை. “நாலு. நாலுக்கு மேல ரெண்டு விரல்!”

பின்னால் இருப்பதும் அதே நாலும் கொஞ்சமும்தான். ஐம்பத்தாறு வயது ஆள் அந்த எண்ணெய்ச் சேற்றில் குதித்தான். என் தோளைப் பிடித்து உலுக்கியதில் புடவை முழுக்கக் கிரீஸ்.

எங்கள் கூத்தைப் பார்த்துக் கடைக்காரன் அங்கேயே விலையை ஏற்றிவிட்டான். வாங்குகிற இடத்தில் குதித்தால் யார்தான் ஏற்ற மாட்டான்? நான் அரைமணி நேரம் வாயால் அவனை அடித்து, ஏற்றியதில் பாதியை இறக்கினேன்.

ஒண்ணாம் தேதி காலை, சூப்பர்வைசர் முன்சீட்டில், பேட்டரிகளுக்கு நடுவில் நான் பின்னால். பல்வரிசை வந்தது. ஒரு முன்சக்கரம் பாறைமேல் ஏறியது, மற்றது குழியில் இறங்கியது, ஆக்சில் மொத்தமாகச் சாய்ந்து கொடுத்தது. கீழே இரும்பு கல்லில் உரசிக் கத்தியது. உடையவில்லை. “ஏறு, ஏறுடா!” என்று நான் கத்த, முன்னால் சூப்பர்வைசரும் கத்திக்கொண்டிருந்தார். வண்டி கடைசிப் பல்லையும் மிதித்து மேலே வந்து நின்றது.

“அடுத்த வருஷமும் நீங்கதான்,” என்றார் அவர், இறங்கும் முன்பே.

டேப்பு ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தான். கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காத மாதிரி இறங்கிவிட்டேன்.

மேலே டீசல் கொண்டுவந்திருந்த ஜீப்காரன் ஒருவன் எங்கள் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, ஆக்சில் என்ன விலை என்று கேட்டான். கொழுந்தன், தான் குதித்ததால் ஏறிய விலையைக் குறைத்துச் சொல்லப் பார்த்தான். நான் உள்ளதைச் சொன்னேன்: முப்பத்தாறாயிரத்து ஐந்நூறு, ஏற்றுக்கூலி தனி.